"எங்கிருந்து வந்த காசு?" பணம் அனுப்பும் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் கவுன்ட்டரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வரிசை வாசலைத் தாண்டி அஞ்சடி நடைபாதை வரை நீளும். நிற்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான். எதற்கு இத்தனை கேள்வி, எதற்கு இத்தனை காகிதம், யார் இதையெல்லாம் கேட்கச் சொன்னது? பாதிப் பதில் சொல்வதற்குள் அடுத்த டோக்கன் நம்பர் வந்துவிடுகிறது. அதனால் நிதானமாக எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்கள் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

"கறுப்ப வெள்ளையாக்குறதுன்னா வரி கட்டாத காசுதானேக்கா? நமக்கும் அதுக்கும் என்ன?"

ஊரில் கறுப்புப் பணம் என்றாலே கணக்கில் காட்டாத காசு என்றுதான் பேச்சு. இங்கே சட்டத்தின் பார்வை அதைவிட அகலம். போதைப்பொருள், லஞ்சம், இணைய மோசடி, சட்டவிரோதச் சூதாட்டம் என்று எந்தக் குற்றத்தில் வந்த காசாக இருந்தாலும், அதை மறைத்தாலோ உருமாற்றினாலோ கைமாற்றிவிட்டாலோ அது தனிக் குற்றம். ஊழல், போதைப்பொருள் கடத்தல், மற்றக் கடுங்குற்றங்களின் ஆதாயத்தைப் பறிமுதல் செய்ய 1992-இல் வந்த சட்டம்தான் இதற்கு அடிப்படை. வேண்டுமென்றே செய்யும் வரி ஏய்ப்பும் 2013 ஜூலையில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, ஆகவே நீங்கள் சொல்வதும் அதில் ஒரு பகுதிதான். தனிநபருக்கு அதிகபட்சம் 10 ஆண்டுச் சிறை, 500,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

நடப்பது இப்படி. ஈசூனில் ஒரு பாட்டியிடம் போலீஸ் பேசுவதாகப் போனில் நடித்து 30,000 வெள்ளியைக் கறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் யாரோ ஒருவரின் அக்கவுன்ட்டில் விழும். பத்து நிமிடத்தில் நான்கு அக்கவுன்ட்டுகளுக்குப் பிரியும். ஒரு பங்கு ஏடிஎம்மில் ரொக்கமாகும், ஒரு பங்கு கிரிப்டோவாகும், ஒரு பங்கு எங்கள் கடை மாதிரி ஒரு கடை வழியாக வெளிநாடு போகும். கொஞ்ச நாள் கழித்து எங்கோ ஒரு கம்பெனியின் வியாபார வருமானமாகச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பும். உள்ளே நுழைப்பது, சுற்றவிடுவது, நல்ல காசோடு கலப்பது என்று இதை மூன்று கட்டமாகச் சொல்வார்கள். "நமக்கென்ன" என்று கேட்டால், நடுவில் வரும் அந்த நான்கு அக்கவுன்ட்டுகள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் பெயரில்தான் இருக்கும்.

"இதெல்லாம் பாக்குறது போலீஸா, எம்ஏஎஸ்ஸா?"

இரண்டு பேரும், ஆளுக்கொரு வேலையாக. எம்ஏஎஸ் என்கிற சிங்கப்பூர் நாணய ஆணையம் 1971 முதல் இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியும் அதுதான், வங்கி, காப்புறுதி, பங்குச் சந்தை, பணம் அனுப்பும் கடை எல்லாவற்றுக்கும் உரிமம் கொடுக்கிற மேற்பார்வையாளரும் அதுதான். விதி போடுவது, சோதனைக்கு வருவது, தவறினால் அபராதம் போடுவது, உரிமத்தைப் பிடுங்குவது அதன் கையில். குற்றத்தைப் புலனாய்வு செய்வது போலீஸின் வர்த்தக விவகாரப் பிரிவு. அதற்குள் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளை வாங்கிப் படிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. நாங்களும் வங்கிகளும் எழுதி அனுப்புவது அங்கேதான் போகிறது.

நகைக்கடையைச் சட்ட அமைச்சின் கீழ் உள்ள பதிவாளர் பார்க்கிறார். வீட்டு முகவர்கள், கம்பெனி பதிவு செய்து தருபவர்கள், சூதாட்டக் கூடங்கள் இவற்றுக்கும் தனித்தனி மேற்பார்வை உண்டு. ஒரு கதவை மூடினால் காசு அடுத்த கதவைத் தட்டும் என்பதால் இத்தனை காவல்.

"அப்ப எம்ஏஎஸ் கம்ப்யூட்டர்ல என் அக்கவுன்ட் ஓடிக்கிட்டே இருக்குமா?"

இல்லை. ஷென்டன் வே கட்டடத்தில் உட்கார்ந்து யாரும் உங்கள் போஸ்பி வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆணையம் பார்ப்பது எங்களை. உங்களைப் பார்க்க வேண்டிய பொறுப்பை எங்கள் தலையில் கட்டிவிட்டு, நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோமா என்று அது பார்க்கிறது. இது புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாக அவிழும்.

சோதனை என்றால் கல்லாவை எண்ணுவது என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். பழைய கோப்பு ஒன்றை உருவி எடுத்து, "இவருக்கு அன்றைக்கு 9,000 வெள்ளி அனுப்பியிருக்கிறீர்கள். என்ன கேட்டீர்கள்? அவர் என்ன சொன்னார்? நீங்கள் அதை ஏன் நம்பினீர்கள்? எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்கிற ரீதியில் போகும். "தெரிஞ்சவர்தான் சார், ரொம்ப வருஷமா வர்றார்" என்ற பதில் செல்லாது. ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் நான் சிடுசிடுவென்று இருப்பதற்கு என் குணம் பாதிக் காரணம், அந்தக் கோப்பு மீதிக் காரணம்.

"2,000 வெள்ளி அனுப்பத்தானே வந்தேன், எதுக்குச் சம்பளச் சீட்டு?"

அனுப்புவது யார், பெறுவது யார் என்ற விவரம் காசோடு சேர்ந்தே போக வேண்டும், இது விதி. அதற்கு மேல், உங்கள் வரும்படிக்கும் அனுப்பும் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் 600 அனுப்புகிறவர் தீபாவளிக்கு 1,200 அனுப்பினால் கேட்கவே வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு 4,000 என்றால் சீட்டுக் காசு எடுத்திருப்பார், கூட்டாளிகளிடம் கைமாற்று வாங்கியிருப்பார். சொன்னால் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான். கேள்வி கேட்டதாலேயே உங்களைத் திருடன் என்று நினைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு முறை ஒரு தம்பி வந்தான். கட்டுமான வேலை பெர்மிட், ஓவர்டைம் சேர்த்தே ஆயிரத்தைத் தொடாத சம்பளம். அன்றைக்கு 7,500 வெள்ளி கொண்டுவந்திருந்தான், முழுக்க ஐம்பது வெள்ளி நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டு. அனுப்ப வேண்டிய பெயர் வடநாட்டுப் பெயர். "யாருக்குத் தம்பி?" என்றேன். போனைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தான். "என்ன உறவு?" என்றேன். போனைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் அனுப்பவில்லை. அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

"என் மேல சந்தேகம்னு எழுதிப் போட்டா, எனக்குச் சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. சந்தேகம் வந்தும் அறிக்கை போடாவிட்டால் எனக்கு 3 ஆண்டு வரை சிறை, 250,000 வெள்ளி வரை அபராதம். போட்டுவிட்டு உங்கள் காதில் ஓதினால் அதற்கும் அதே தண்டனை. இரண்டு பக்கமும் கத்தி. அதனால்தான் கடையிலோ வங்கியிலோ ஒரு நாள் திடீரென்று "இன்னிக்கு முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீங்கள் கோபப்படுவது நியாயம்தான், ஆனாலும் அவர்களால் வாயைத் திறக்க முடியாது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அறிக்கை என்பது புகார் அல்ல. 'இது எனக்குப் பொருந்திவரவில்லை, இதோ விவரம்' என்பதுதான் அதில் இருக்கும். ஒரு கடையின் அறிக்கை தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாததாக இருக்கலாம். அதே போன் நம்பர் நான்கு வங்கிகளின் அறிக்கையில் வந்தால் கதை வேறு. அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய இடம் போலீஸின் அந்த அலுவலகம்தான்.

"20,000 வெள்ளிக்குக் கீழன்னா ரிப்போர்ட் இல்லையாமே? பிரிச்சுப் பிரிச்சு அனுப்பிட்டா?"

இந்த 20,000 கணக்கு எப்படியோ எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. அது எல்லையில் ரொக்கம் கொண்டுபோவதற்கும், நகைக்கடையில் ரொக்கம் கொடுப்பதற்கும் உள்ள வரம்பு. சந்தேக அறிக்கைக்குக் கீழ்வரம்பு எதுவும் கிடையாது. 200 வெள்ளி என்றாலும் சந்தேகம் இருந்தால் எழுதலாம், எழுத வேண்டும்.

பிரித்து அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் காலையில் எங்களிடமும் மதியம் எதிர்க்கடையிலும் சாயங்காலம் நண்பர் பெயரிலும் அனுப்பினால், அப்படிப் பிரித்ததே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும். நேரே வந்து மொத்தமாக அனுப்பியிருந்தால் ஒரு கேள்வியோடு போயிருக்கும்.

"ஊருக்குப் போறப்ப கையில 25,000 வெள்ளி எடுத்துட்டுப் போகலாமா?"

போகலாம், தடை இல்லை. 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமோ, அந்த மதிப்புள்ள வேறு நாட்டுப் பணமோ, கையில் வைத்திருப்பவர் மாற்றிக்கொள்ளக்கூடிய காசோலையோ இருந்தால் அறிவிக்க வேண்டும். உள்ளே வரும்போதும் அப்படித்தான். 2024 மே மாதம் முதல் பயணிகள் இதை மின்னியல் முறையில் நிரப்ப வேண்டும். மறைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. இந்தியாவில் இறங்கும்போது அங்கே தனி விதி: வெளிநாட்டு நோட்டு 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே அறிவித்த கையோடு அங்கேயும் அறிவித்துவிடுங்கள்.

"உண்டியல்ல போட்டா ரேட் நல்லா இருக்கு, அரை மணி நேரத்துல வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க. அதுல என்ன தப்பு?"

இது அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதிலும் கொஞ்சம் நீளம். உண்டியல் நமக்குப் புதிதில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் காலத்தில் உண்டி என்பது மதிப்புள்ள வியாபாரப் பத்திரம். கடல் கடந்து காசைத் தூக்கிக்கொண்டு போகாமல், இங்கே எழுதிய சீட்டுக்கு அங்கே பணம் வாங்கினார்கள். பேரேடு பக்காவாக இருந்தது. இன்றைய உண்டியலில் பெயர்தான் மிச்சம்.

நீங்கள் இங்கே ஒருவரிடம் 1,000 வெள்ளி கொடுக்கிறீர்கள். அவர் ஊரில் ஒருவருக்கு வாட்ஸ்அப் போடுகிறார். அவர் பைக்கில் வந்து உங்கள் அம்மாவிடம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் வெள்ளி கடல் தாண்டவே இல்லை, இங்கேயே இருக்கிறது. இப்போது யோசியுங்கள். அந்த வெள்ளி யாருக்குப் போகிறது? ஊரில் அம்மா கையில் வந்த ரூபாய் யாருடையது? ரூபாயை வைத்துக்கொண்டு வெள்ளி தேடுகிறவர் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தால்தான் கணக்கு நேராகும். அவர் தங்கம் கடத்துகிறவராக இருக்கலாம், லஞ்சக் காசை வெளியே தள்ளுகிறவராக இருக்கலாம். நீங்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்த நல்ல காசு அவருக்குப் போகிறது, அவருடைய காசு உங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு வருகிறது. ரேட் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கறையைக் கழுவ ஆள் தேவைப்படுகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார்.

பணச் சேவைகளுக்கான சட்டம் 2020 ஜனவரி 28 முதல் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் நடத்தும் தனிநபருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. கொடுத்தவர் ஓடிவிட்டால் உங்களிடம் ரசீது இல்லை, முறையிட வழியும் இல்லை. உரிமம் உள்ள கடையா என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் நிதி நிறுவனங்களின் பட்டியலில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். சின்னத் தொகைக்கு எங்களிடம்கூட வர வேண்டாம். 2023 பிப்ரவரி 21 முதல் போனிலேயே பணம் அனுப்ப இங்கே உள்ள பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன, அந்த வசதி உள்ள வங்கி என்றால் போனிலேயே அனுப்பிவிடலாம். என் முதலாளி இதைப் படித்தால் என்ன சொல்வாரோ தெரியவில்லை.

"நகைக்கடையில கூட ஐசி கேக்குறாங்களே, அவங்களுமா?"

அவர்களும்தான். 2019 ஏப்ரலில் வந்த விலைமதிப்புள்ள உலோகங்கள், கற்கள் பற்றிய சட்டப்படி, 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் வாங்கினால் ஆள் யார் என்று சரிபார்த்து அறிக்கை போட வேண்டும். தாலிக்கொடி வாங்கப் போகிறவர் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். தங்கத்தில் பெயர் எழுதியிருக்காது, உருக்கினால் அடையாளமும் போய்விடும், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம். காசை மறைக்க நினைப்பவனுக்கு அதைவிட வசதி வேறு என்ன?

"1,000 வெள்ளி நோட்டு ஏன்கா இப்பக் கண்ணுலயே படறதில்ல?"

புதிதாக வெளியிடுவதை ஆணையம் 2021 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டது. 10,000 வெள்ளி நோட்டு 2014 அக்டோபரிலேயே நின்றது. ஒரு மில்லியன் வெள்ளியை 10,000 வெள்ளி நோட்டாக அடுக்கினால் நூறே தாள், சட்டைப் பையில் அடங்கும். கையில் இருக்கும் பழைய நோட்டு செல்லும், பயப்பட வேண்டாம்.

"ஊருக்குத் திரும்பிப் போறேன், இனி அக்கவுன்ட் வேண்டாம். 500 வெள்ளிக்குக் கேக்குறான், குடுத்துட்டுப் போனா என்ன?"

கொடுக்காதீர்கள். மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

முன்பெல்லாம் பிடிபட்டவர்கள் "எனக்கு எதுவும் தெரியாது, நண்பன் கேட்டான், கொடுத்தேன்" என்பார்கள். தெரிந்துதான் செய்தார் என்று நிரூபிப்பது அரசுத் தரப்புக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஓட்டையை 2024 பிப்ரவரி 8-இல் நடப்புக்கு வந்த திருத்தம் அடைத்துவிட்டது. சந்தேகப்பட்டும் பொருட்படுத்தாமல் செய்தால் 5 ஆண்டு வரை சிறை. யாரும் கவனித்திருக்கக்கூடிய எச்சரிக்கை அடையாளங்களைக் கவனிக்காமல் விட்டாலே 3 ஆண்டு வரை. அரசுச் சேவைகளுக்கான மின்னியல் அடையாளமான சிங்பாஸ் விவரத்தைக் குற்றத்துக்கு வழிவிடும் வகையில் கொடுத்தால் அதற்குத் தனியாக 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன்னொரு திருத்தத்தில், மோசடிக் கும்பலுக்கு இப்படி அக்கவுன்ட் கொடுப்பவர்களுக்கு 12 வரை பிரம்படி விதிக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஏடிஎம் அட்டை, ரகசிய எண், வங்கிச் செயலி உள்ள பழைய போன், சிங்பாஸ். இந்த நான்கையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் உங்கள் பெயரில் ஒரு ஆள் சிங்கப்பூரில் தொடர்ந்து வாழ்கிறார் என்று அர்த்தம். அவர் செய்வதெல்லாம் உங்கள் கணக்கில் எழுதப்படும். ஊருக்குப் போகுமுன் வங்கிக்குப் போய்க் கணக்கை மூடுங்கள், அரை மணி நேர வேலை.

"ஒரு கம்பெனிக்கு டைரக்டரா கையெழுத்துப் போட்டா மாசம் 300 தர்றாங்க. இதுவும் அதே மாதிரிதானா?"

ஏறக்குறைய. இங்கே பதியும் கம்பெனிக்கு உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்பதால் நிரந்தரவாசிகளையும் குடிமக்களையும் தேடி வருகிறார்கள். கம்பெனியின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, அதன் வழியே பெரிய தொகைகளை வியாபாரப் பணம் என்று ஓட்டுவது கும்பல்களுக்குப் பிடித்த வழி. இப்படிப் பெயருக்கு இயக்குநராக இருப்பதைத் தொழிலாகச் செய்வதை, பதிவு பெற்ற கம்பெனிச் சேவை நிறுவனம் மூலமாகத்தான் செய்ய முடியும் என்று 2025 ஜூன் 9 முதல் சட்டம். கம்பெனி என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

"எங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் கேள்வி. 3 பில்லியன் வெள்ளி வச்சிருந்தவங்கள யாருக்கா கேட்டா?"

நியாயமான கேள்வி, எனக்கும் வந்த கேள்வி. 2023 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 400-க்கும் மேற்பட்ட போலீஸ் அதிகாரிகள் ஒரே நேரத்தில் பல பங்களாக்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் புகுந்து 10 வெளிநாட்டவர்களைக் கைது செய்தார்கள். ஒருவர் மாடியிலிருந்து குதித்துச் சாக்கடையில் ஒளிந்தார். கைப்பற்றியதும் முடக்கியதும் கடைசியில் 3 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது, நம் கணக்கில் 300 கோடி வெள்ளி. வீடு, கார், தங்கக் கட்டி, கைப்பை, பொம்மை வரைக்கும். எல்லாம் வெளிநாட்டில் நடந்த மோசடியிலும் இணையச் சூதாட்டத்திலும் வந்த காசு. பத்துப் பேருக்கும் 13 முதல் 17 மாதம் வரை சிறை. சுமார் 944 மில்லியன் வெள்ளி சொத்து அரசுக்குப் போனது. தண்டனை முடிந்ததும் நாடு கடத்தப்பட்டார்கள்.

யார் கேட்டார்கள் என்றால், சில வங்கிகள் கேட்டன. காசுக்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணங்கள் போலியாக இருக்கலாம் என்று அவை போட்ட சந்தேக அறிக்கைகள்தான் 2021-இல் போலீஸுக்குக் கிடைத்த நூல்முனைகளில் முக்கியமானவை. வேறு சிலர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. 2025 ஜூலையில் ஆணையம் 9 நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 27.45 மில்லியன் வெள்ளி அபராதம் போட்டது. பெரிய வங்கிகளும் அதில் உண்டு. நடுவில் அமைச்சர் இந்திராணி ராஜா தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, 2024 அக்டோபரில் அறிக்கை தந்தது.

என் கருத்தைக் கேட்டால், தொகை பெரிதாக ஆக ஆக வாடிக்கையாளரைக் கேள்வி கேட்கும் தைரியம் குறைகிறது. 600 வெள்ளி அனுப்ப வருகிறவரிடம் சீட்டைக் கேட்பது சுலபம். வங்கிக்கு லட்சக்கணக்கில் கமிஷன் தருகிறவரிடம் "இந்தக் காசு எப்படி வந்தது?" என்று கேட்க முதுகெலும்பு வேண்டும். அந்த இடத்தில்தான் ஆணையத்தின் மீதுள்ள பயம் வேலை செய்ய வேண்டும்.

"கோடி கோடியா சம்பாதிக்கிற பேங்குக்கு அஞ்சாறு மில்லியன் அபராதமெல்லாம் வலிக்குமா?"

பணமாகப் பார்த்தால் பெரிதாக வலிக்காது. உரிமம் போனால் வலிக்கும். 2016 மே மாதம் பிஎஸ்ஐ என்கிற சுவிஸ் தனியார் வங்கியின் இங்குள்ள உரிமத்தை ஆணையம் ரத்து செய்தது. மலேசியாவின் 1எம்டிபி என்ற அரசு நிதியிலிருந்து களவுபோன காசு அதன் வழியே ஓடியிருந்தது. 13.3 மில்லியன் வெள்ளி அபராதம் தனி. அப்படி ஒரு மெர்ச்சன்ட் வங்கியை மூடவைத்தது 1984-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அதே ஆண்டு அக்டோபரில் ஃபால்கன் வங்கியும் போனது. அந்த விவகாரத்தில் மொத்தம் 8 வங்கிகளுக்கு 29.1 மில்லியன் வெள்ளி அபராதம்.

இன்னொன்றும் இருக்கிறது, நிறுவனத்தோடு ஆளையும் பிடிப்பது. பிஎஸ்ஐ விவகாரத்தில் வங்கி ஊழியர்கள் சிறைக்குப் போனார்கள். மேலே சொன்ன 2025 நடவடிக்கையிலும் 18 பேர் மீது தனித்தனியாக நடவடிக்கை வந்தது. அபராதத்தை நிறுவனம் கட்டிவிடும். தன் பெயர் ஆணையத்தின் தளத்தில் தடை என்று வந்துவிட்டால் அப்புறம் இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்திருக்கும்.

"ஒரு பேங்க் விரட்டினா அடுத்த பேங்குக்குப் போயிடுவாங்களே?"

போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வாடிக்கையாளர் ரகசியம் என்ற சுவர் இருந்ததால் ஒரு வங்கிக்குத் தெரிந்தது அடுத்ததற்குத் தெரியாது. அதற்காக 2024 ஏப்ரல் 1-இல் காஸ்மிக் என்ற தளத்தை ஆணையம் தொடங்கியது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி, சிட்டிபேங்க், எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு ஆகிய ஆறு வங்கிகள் அதில் சேர்ந்தன. போலிக் கம்பெனி, போலி ஏற்றுமதி ஆவணம், பேரழிவு ஆயுதங்களுக்கு நிதி என்று மூன்று வகை ஆபத்துக்கு மட்டும், குறிப்பிட்ட எச்சரிக்கை அடையாளங்கள் தென்பட்டால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் சம்பளக் கணக்கு அதில் வருவதற்கு வேலையே இல்லை.

"சிங்கப்பூரையே செக் பண்றதுக்கு யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்ற அனைத்துலக அமைப்பு பாரிஸில் இருக்கிறது. எஃப்ஏடிஎஃப் என்றால் செய்தியில் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூர் 1992 முதல் உறுப்பினர். நாடுகளுக்கு ஒருவர் பின் ஒருவராகப் பரீட்சை வைப்பார்கள், தேறாத நாட்டின் வங்கிகளோடு மற்றவர்கள் தொழில் செய்யத் தயங்குவார்கள். 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை அதன் தலைவராக இருந்தவர் சிங்கப்பூரரான டி. ராஜ குமார். 3 பில்லியன் வழக்கு வெடித்ததும் அந்த இரண்டாண்டுக்குள்தான், நேரத்தைப் பாருங்கள்.

"காரணமே சொல்லாம என் அக்கவுன்ட்ட மூடிட்டாங்க. நான் ஒரு தப்பும் பண்ணலக்கா."

நடக்கிறது. அறிக்கை பற்றிய பதிலில் சொன்ன அதே வாய்ப்பூட்டு இங்கேயும் உண்டு. அதோடு, பயந்த வங்கி தேவைக்கு மேல் கதவை மூடும். மேற்பார்வை கடுமையாகும்போது வரும் பக்கவிளைவு இது, மறைத்துப் பேசிப் பயனில்லை. பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும்: பெர்மிட் புதுப்பித்த விவரம் கொடுக்காதது, வங்கி அனுப்பிய கடிதம் பழைய டார்மிட்டரி முகவரிக்குப் போனது, அறை நண்பர்கள் பத்துப் பேரின் காசைச் சேர்த்து ஒரே கணக்கில் போட்டு அனுப்பியது. கடைசியாகச் சொன்னதை நம்மவர்கள் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது உரிமம் இல்லாத உண்டியல் மாதிரியே தெரியும்.

சம்பளச் சீட்டு, பெர்மிட், முதலாளியின் கடிதம் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போங்கள். எழுத்தில் முறையீடு கொடுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய கணக்கில் இருந்த உங்கள் காசைத் திரும்பப் பெறுவது பற்றி அதிலேயே கேளுங்கள்.

"யாரோ 3,000 வெள்ளி என் அக்கவுன்ட்ல போட்டுட்டு, தப்பா வந்துடுச்சு, வேற நம்பருக்கு பேநவ் பண்ணுன்னு போன் பண்றாங்க. திருப்பிக் குடுக்குறதுதானே நியாயம்?"

நியாயம்தான், ஆனால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வந்த கணக்கு ஒன்று, திருப்பி அனுப்பச் சொல்கிற நம்பர் வேறொன்று என்றாலே சங்கதி புரிந்துவிட வேண்டும். முதல் பதிலில் பார்த்த ஈசூன் பாட்டியின் காசு அதுவாக இருக்கலாம். நீங்கள் நல்ல மனதோடு தட்டிவிட்டால், சுற்றவிடும் கட்டத்தில் உங்கள் பெயர் ஏறிவிடும்.

அந்தக் காசைத் தொடாமல் வையுங்கள். பேசினவர் நம்பரையும் வந்த செய்தியையும் அழிக்காதீர்கள். உங்கள் வங்கியின் நம்பரை அட்டையின் பின்பக்கத்தில் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர்கள் வந்த வழியே திருப்புவார்கள். குழப்பமாக இருந்தால் 1799-க்கு அடியுங்கள், மோசடி தொடர்பான உதவி எண் அது. போன வாரம் இதே மாதிரி ஒரு அண்ணன் கடைக்கு வந்து நின்றார். நான் வங்கி நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் நான்கு முறை அடித்தது. ஐந்தாவது முறை எடுத்து, "பேங்குக்குப் போன் பண்ணிக்கிட்டிருக்கேன், இருங்க" என்றார். அந்தப் பக்கம் உடனே வைத்துவிட்டார்கள்.